குமிழிகள் இல்லாத எக்ஸ்ரே

திருவெறும்பூர் பக்கம் நான் வேலை செய்கிற தொழிற்சாலை ஷாப்பில் வெல்டர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: வெட்டு. "டேய், வெட்டு வர்றாரு" என்று ஒருத்தன் சொன்னால் இன்னொருத்தன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிடுவான். பாய்லர் குழாய்களை ஒட்ட வைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்வது என் வேலை. சரியில்லை என்றால் வெட்டு. அந்த இடத்தை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும். வெல்டருக்கு அது ஒரு நாள் உழைப்பு, எனக்கு ஒரு வார்த்தை. ஆகாமல் போவதில் நியாயம் இருக்கிறது.

எங்கள் தொழிலில் பெரிய எதிரி காற்று. உருகிய உலோகம் ஆறும்போது உள்ளே கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது. விரலால் தடவினால் வழவழவென்று இருக்கும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். படத்தில் மட்டும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழும், சில சமயம் வரிசையாக. அந்தக் குமிழிகளை விட்டுவைத்தால் என்றைக்காவது அழுத்தம் தாங்காமல் அங்கேதான் பிளக்கும். அதனால் சந்தேகம் வந்தாலே வெட்டு என்பது என் சட்டம். பொறுத்திருந்து பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது. வீட்டிலும் நான் அப்படித்தான் என்று என் மனைவியும் அக்காவும் சொல்வார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகிற விஷயம் அது ஒன்றுதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மகனுக்கு வந்த நோயை நான் இந்தப் பாஷையில்தான் புரிந்துகொண்டேன். வேறு பாஷை எனக்குத் தெரியாது.

வெகு நாள் காத்திருந்து தங்கிய பிள்ளை. நாங்கள் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில். மனைவி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஏழாம் மாதத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. கால் வீங்கி, கண் மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு நாள் சொன்னாள். காவிரிப் பாலத்தைத் தாண்டித் தில்லை நகரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இனி வைத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று அன்றைக்கே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். துணியில் சுற்றிக் காட்டியபோது துணிதான் தெரிந்தது, பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது. "ஏழுல பொறந்தது தங்கும்டா, எட்டுதான் தங்காது" என்றாள் அக்கா. இந்தக் கணக்கை யார் போட்டார்களோ தெரியாது. அன்றைக்கு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் காற்று ஊதுகிற குழாய், வாய் வழியாக வயிறு வரை இன்னொரு மெல்லிய குழாய். மனைவி பீய்ச்சிக் கொடுக்கும் பாலை ஊசி போடுகிற சிரிஞ்சில் ஊற்றி அந்தக் குழாயில் பொருத்துவார்கள், தானாக இறங்கும். முதலில் சொட்டுச் சொட்டாக, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். அவள் தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, பால் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "இன்னைக்குக் கொடுத்தது எல்லாத்தையும் தாங்கிக்கிட்டான்மா" என்று சிஸ்டர் சொன்னால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு நூறு வாங்கின பையனின் அம்மாகூடத் தோற்றாள்.

எனக்குத்தான் அங்கே வேலை இல்லை. அப்பன் என்பவன் அந்த வார்டில் ஒரு வேண்டாத சாமான். கை கழுவு என்பார்கள், கழுவுவேன். தள்ளி நில் என்பார்கள், நிற்பேன். மருந்து வாங்கி வா என்றால்தான் உயிர் வந்த மாதிரி இருக்கும், ஓடுவேன்.

ஒரு நாள் காலையில் போனபோது பெட்டியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். பிள்ளையின் வயிறு உப்பி, தோல் பளபளவென்று இருந்தது. வயிற்றுக் குழாயில் பால் திரும்பி வந்திருந்தது, பச்சை நிறத்தில். மலத்தில் ரத்தம். அந்த வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், என் மனைவியைவிட இளையவராக இருப்பார். பொட்டலம் கட்டினது மாதிரி அளந்து பேசுகிறவர். பாலை நிறுத்தச் சொல்லிவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். சக்கரம் வைத்த கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து பெட்டிக்கு மேலேயே வைத்து எடுத்தார்கள். மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் படம் விழுந்தது.

நான் கூப்பிடாமலே போய்ப் பின்னால் நின்றேன். படம் என்றால் என் கால் தானாகப் போகும். குடல் வளைவுகள் கறுப்பாக ஊதிக் கிடந்தன. அதுவல்ல நான் பார்த்தது. அந்த வளைவுகளின் ஓரத்தில், சுவர் இருக்க வேண்டிய இடத்தில், பொடிப் பொடியாகப் புள்ளிகள். ஒரு இடத்தில் வரிசை கட்டி நின்றன.

"காத்து குழாய்க்குள்ள இல்ல, சுவருக்குள்ள இருக்கு" என்றேன்.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். "நீங்க மெடிக்கல் லைனா?"

"இல்லைங்க. பாய்லர் குழாய்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை நகர்த்தி, எனக்குப் படம் தெரிகிற மாதிரி செய்தார். பிறகு மனைவியையும் வரவழைத்து உட்கார வைத்துச் சொன்னார். "குறை மாசத்துல பொறக்கற சில பிள்ளைங்களுக்கு இது வருதுங்க. குடல் முழுசா தயாராகியிருக்காது. சுவரு புண்ணாகி, கிருமி உள்ள பூந்து, அழுக ஆரம்பிக்குது. அந்தக் கிருமி விடற காத்துதான் சார் பாத்தது. பால நிறுத்திட்டோம். வயித்தக் காலியா வச்சு, ட்ரிப்ஸ்லயே சத்து ஏத்தி, ஆன்டிபயாடிக் கொடுப்போம். குடலுக்கு ஓய்வு கொடுக்கறதுதான் வைத்தியம். காலைல ஒரு படம், சாயங்காலம் ஒரு படம் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்போம்."

"என் பாலாலயா வந்துச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லம்மா. இருக்கறதுலயே நல்லது உங்க பால்தான். பவுடர் பால் கொடுத்திருந்தா இன்னும் ஆபத்து. இது யாராலயும் வந்தது இல்ல. நீங்க பால் எடுக்கறத நிறுத்தாதீங்க. தேறி வந்ததும் அதத்தான் கொடுக்கணும்."

அவள் தலையாட்டினாள். முதல் வாக்கியத்துக்குப் பிறகு அவள் எதையும் காதில் வாங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அறைக்குத் திரும்பியதும் கட்டிலில் உட்கார்ந்து, "தாங்கிக்கிட்டான்னு சொன்னாங்களே" என்று மட்டும் சொன்னாள்.

குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் வேறொரு மருத்துவமனையிலிருந்து வந்து பார்த்தார். வயசானவர், மெதுவாகப் பேசுகிறவர். அவரிடம் என் சட்டத்தைச் சொன்னேன். எந்த இடத்தில் குமிழி இருக்கிறதோ அந்த இடத்தை அறுத்து எடுத்துவிட்டு, நல்ல பக்கத்தையும் நல்ல பக்கத்தையும் சேர்த்துத் தைத்தால் என்ன என்று கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், சண்டையாவது போட்டிருப்பேன்.

"வெட்டலாம் சார். ஆனா வெட்டுன குடல் திரும்ப வளராது. மிச்சம் இருக்கறத வச்சுத்தான் பையன் ஆயுசு பூரா சாப்பிடணும். இன்னைக்குப் புண்ணா தெரியற இடம் மருந்துலயே ஆறினாலும் ஆறிடும். நிறையப் பிள்ளைங்களுக்கு ஆறியிருக்கு. ஓட்டை விழுந்தா உடனே இறங்கிடுவேன். அதுவரைக்கும் கத்தி எடுக்காம இருக்கறதுதான் எனக்குக் கஷ்டமான வேலை. அதத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன்."

எனக்கு அது புரிந்தது. புரிந்ததே தவிர மனசு ஒத்துக்கொள்ளவில்லை. குமிழி இருக்கிறது என்று தெரிந்தும் அந்தக் குழாயை அப்படியே விட்டுவைப்பதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். அதுவும் என் பிள்ளையின் குழாய்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. டாக்டரம்மா இரக்கப்பட்டாரோ என்னவோ, காலையும் மாலையும் படம் வந்ததும் என்னைப் பார்க்க விட்டார். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுவார். நான் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பேன். இடுப்புக்குப் பக்கத்தில் புள்ளி குறைந்திருக்கிறது, மேலே கொஞ்சம் கூடியிருக்கிறது என்பேன். ஒரு தடவை கோடு போல ஒன்று தெரிந்ததும் பிளந்துவிட்டது என்று கத்திவிட்டேன். அது பிள்ளையின் தோல் மடிப்பு. சிஸ்டர் துணியை இழுத்துச் சரி செய்துவிட்டு, "சார், கொஞ்சம் வெளிய போயி காத்து வாங்கிட்டு வாங்க" என்றார். காற்றுதான் வாங்க வேண்டுமா எனக்கு.

மனைவிக்கு என்னைவிடக் கடினமான வேலை. குடிக்கக் கூடாத பிள்ளைக்குப் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். மிஷின் வைத்து எடுத்து, சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, மேலே தன் பெயரை எழுதி ஒட்டி வார்டு ஃபிரிஜ்ஜில் வைக்கக் கொடுத்துவிட்டு வருவாள். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். பக்கத்து அறையில் எந்தப் பிள்ளை அழுதாலும் நைட்டி நனைந்துவிடும். உள்ளே வரும்போதெல்லாம் டாக்டரம்மாவிடம் ஒரே கேள்விதான்: "நாக்குல தொட்டு ஒரு சொட்டாவது வைக்கலாமா?" அவர் இல்லை என்பார். இவள் சரிங்க என்பாள். சாயங்காலம் மறுபடி கேட்பாள். கணக்கு டீச்சர், விடை மாறாது என்று தெரியாதவள் அல்ல.

பிள்ளையோ வாயை மெல்வது போல அசைத்துக்கொண்டே இருந்தான். பசி என்றால் என்னவென்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லையே. அதைப் பார்க்க முடியாமல் நான் திரும்பி நிற்பேன்.

அக்கா ஒரு நாள் கோயிலிலிருந்து சின்னப் பாட்டிலில் துளசித் தீர்த்தம் கொண்டுவந்தாள். கழுவின கையோடு, மேலங்கியும் மாட்டிக்கொண்டு, சிஸ்டர் கண்ணைத் தப்பிப் பெட்டி வரை போய்விட்டாள். பஞ்சை நனைக்கும்போது பிடித்துக்கொண்டேன்.

"விடுடா, பெருமாள் தீர்த்தம். ஒரு துளி."

"ஒரு துளியும் கிடையாது."

"அதுல என்னடா கிருமி இருக்கு?"

"அத எக்ஸ்ரே எடுத்துத்தான் பாக்கணும்."

அவள் என்னை முறைத்துவிட்டு வெளியே வந்தாள். அந்தத் தீர்த்தத்தை அப்படியே என் தலையில் தெளித்தாள், கொஞ்சம் வேகமாகவே. பிறகு வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். எனக்குச் சின்ன வயசில் சோறு ஊட்டியது அவள். கையில் எதையாவது கொண்டுவந்து வாயில் வைக்காமல் ஒருத்தர்மேல் பாசம் காட்ட அவளுக்குத் தெரியாது. நம் வீடுகளில் யாருக்குத்தான் தெரியும்? போனில் விசாரித்தவர்களும் அப்படித்தான். பால் குடிக்கிறானா என்று தொடங்குவார்கள். கூடாது என்று சொன்னால் அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் விழிப்பது போனிலேயே கேட்கும். கடைசியில் போனை எடுப்பதையே விட்டுவிட்டேன்.

வராந்தாவில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார். பெரிய கடைவீதிப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருக்கிற பாய். அவருடைய மகளும் குறை மாசம், எங்கள் பெட்டிக்கு அடுத்த பெட்டி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் நான் தம்பி.

"மரத்த வச்சவன் தண்ணி ஊத்துவான் தம்பி" என்றார் ஒரு நாள்.

"தண்ணி ஊத்தக் கூடாதுன்னுதானே பாய் டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை. அவர் மகள் பால் குடிக்க ஆரம்பித்து, எடை கூடி, வீட்டுக்குப் போகிற நாளில் மிட்டாய் டப்பாவைப் பைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார். எல்லாருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், "துஆ செய்யிறேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பையின் வாயில் டப்பாவின் மூலை தெரிந்தது. அவரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. நல்ல மனுஷன்மேல் பொறாமைப்படுவது அதைவிடக் கேவலமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை. நான் உள்ளே போனபோது பிள்ளை அமைதியாகக் கிடந்தான். வாயை அசைக்கவில்லை, காலை உதைக்கவில்லை. நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்தேன். படம் எடுத்துவிட்டுக் கருவியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். டாக்டரம்மாவைப் பிரசவ அறையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள், அங்கே ஒரு பிள்ளை மூச்சு விடாமல் பிறந்திருந்தது. சிஸ்டர் வேறொரு பெட்டியில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் படம் திறந்து கிடந்தது. பார்க்க நான் ஒருவன்தான்.

குமிழிகள் இல்லை.

நேற்றுவரை புள்ளி புள்ளியாக நின்ற இடம் முழுக்கத் துடைத்துவிட்டது போல இருந்தது. வயிறு முழுவதும் ஒரே சீராக, ஒரே நிறமாக, மேலிருந்து கீழ்வரை ஒரு மாசு இல்லாமல் இருந்தது. நான் கிட்டே போய்ப் பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன். இத்தனை வருஷத்தில் என் முன்னால் விழுந்த படங்களில் இவ்வளவு சுத்தமான படத்தை நான் கண்டதில்லை. எங்கள் ஷாப்பாக இருந்தால் வெல்டரைக் கூப்பிட்டுக் கை கொடுத்திருப்பேன். என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

யாரிடமும் கேட்கவில்லை. படியேறி மனைவியின் அறைக்கு ஓடினேன். அவள் பால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"குமிழி எல்லாம் போச்சு" என்றேன்.

அவள் மிஷினை நிறுத்தினாள். "டாக்டர் சொன்னாங்களா?"

"நான் பாத்தேன். நான் பாக்காத படமா? ஒண்ணுகூட இல்ல. அவ்வளவு கிளீன்."

"அப்ப பால்?"

"ரெண்டு மூணு நாள்ல ஆரம்பிச்சுடுவாங்க பாரு."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அப்போதுதான் எடுத்த குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது நல்லா திக்கா இருக்குங்க, இத முதல்ல கொடுக்கச் சொல்லணும்" என்றாள். பிறகு போனை எடுத்து லால்குடியில் இருக்கிற அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். "அம்மா, எல்லாம் சரியாயிடுச்சாம்" என்று அவள் சொல்லும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கினேன்.

வார்டுக்குள் டாக்டரம்மா அவன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் போன். ஆபரேஷன் டாக்டரிடம் பேசுகிறார் என்று புரிந்தது. "ஆமா சார், வயிறு பூரா ஃப்ரீ ஏர். சீக்கிரம் வாங்க."

போனை வைத்ததும் என்னைப் பார்த்தார். "ஓட்டை விழுந்துடுச்சுங்க."

"படம் நல்லா இருந்துச்சே" என்றேன். "புள்ளியே இல்லையே."

அவர் என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் அழைத்துப் போனார். அவ்வளவு அவசரத்திலும் எனக்கு விளக்கினார். அதை மறக்க மாட்டேன். "குடல்ல இருந்த காத்து வெளிய வந்து வயிறு பூரா ரொம்பிடுச்சு. அது மேல வந்து நின்னதால அடியில இருக்கற எதுவும் தெரியல. அதான் உங்களுக்கு ஒரே சீரா தெரிஞ்சிருக்கு. இந்தக் கறுப்பு பூரா காத்துதாங்க."

உலோகமே இல்லாத இடமும் எங்கள் படத்தில் அப்படித்தான் விழும், ஒரே சீரான கறுப்பாக. அது எனக்குத் தெரியாததா? புதுப் பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அது. ஆனால் நான் காற்றுப் புள்ளிகளைத் தேடிக்கொண்டிருந்தேன், புள்ளி இல்லை என்றதும் காற்று இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். நான் பார்த்ததாலோ தப்பாகப் பார்த்ததாலோ பிள்ளைக்கு ஒரு நிமிஷம்கூட நஷ்டமில்லை, டாக்டரம்மா திரும்பி வந்த உடனே கண்டுபிடித்துவிட்டார். மேலே அறையில்தான் நஷ்டம்.

திரும்பப் படியேறினேன். மனைவி இன்னும் போனில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "அம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

"படத்தத் தப்பாப் பாத்துட்டேன்" என்றேன். "குடல் ஓட்டையாயிடுச்சு. ஆபரேஷன் பண்ணப் போறாங்க."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "வாங்க, எடுத்துட்டுப் போறதுக்குள்ள பாத்துடலாம்" என்றாள்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே நாங்களும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். சாலையில் ஆட்டோக்களும் வண்டிகளும் வழக்கம்போல ஹாரன் அடித்துக்கொண்டு போயின. எதிர்ச் சாரியில் ஒரு ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டம் நின்றது. நான் மனசுக்குள் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தேன்: இந்த இடத்தில் அறுப்பார்கள், இந்த இடத்தை வெளியே கொண்டுவந்து வயிற்றில் பொருத்துவார்கள், ஆறியதும் மறுபடி சேர்ப்பார்கள். ஆபரேஷன் டாக்டர் முன்பே அப்படித்தான் சொல்லியிருந்தார். கொஞ்ச நாள் பையில் மலம் போகும் என்றார். அந்தப் பையை நானே மாற்றக் கற்றுக்கொள்வேன் என்று முடிவு செய்தேன். குழாய் வேலை எனக்குப் புதிதா?

அவர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, முதலில் சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எதைப் பார்த்தாலும் எனக்கு நல்லதாகவே தெரிந்தது.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "திறந்து பாத்தேன் சார். வெட்டறதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு இடம் ரெண்டு இடம்னா எடுத்திருப்பேன். ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் கறுத்துப் போச்சு. நல்ல பக்கம்னு விட்டுவைக்க ஒரு விரல் அளவுகூட இல்ல. மூடிட்டேன்."

"மூடிட்டீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமாம்மா."

வெட்டு என்று சொல்ல ஒரு இடம் வேண்டும், சேர்க்க ஒரு இடம் வேண்டும். இரண்டும் இல்லை என்றால் என்ன செய்வது என்று என் தொழிலில் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஏதாவது பண்ணுங்க என்று கெஞ்சியிருந்தால் மனசு ஆறியிருக்குமோ என்னவோ. அதைக்கூடச் செய்ய வாய் வரவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். மிஷின் மூச்சு விட வைத்துக்கொண்டிருக்கிறது, வலி தெரியாமல் மருந்து போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் அந்தக் குடலோடு பிழைக்க வழியில்லை என்றார். அப்படியே பெட்டியில் விடலாம், இல்லையென்றால் குழாய்களை எடுத்துவிட்டு அம்மா மடியில் கொடுக்கலாம், ரெண்டும் நீங்கள் சொல்கிறபடி என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "எங்கிட்ட கொடுத்துடுங்க" என்றாள்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு, சுற்றிலும் திரை இழுத்துவிட்டார்கள். ஒவ்வொரு குழாயாக எடுத்தார்கள். பிளாஸ்டர் ஒட்டாத அவன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. மடியில் வைத்ததும் அவள் முதலில் அவன் காதையும் விரல்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்து, தினமும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"பால் கொடுக்கலாமா?"

"கொடுக்கலாம்மா" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஓட்டையா இருக்கற குடல்ல எப்படிங்க? கசிஞ்சுடாதா?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். டாக்டரம்மா பாலை எடுத்து வரச் சொல்லிச் சிஸ்டருக்குக் கை காட்டினார். மனைவிதான் சொன்னாள், "ஏங்க, செத்த பேசாம இருங்க."

சிஸ்டர் ஃபிரிஜ்ஜிலிருந்து குப்பிகளை எடுத்து, வெந்நீரில் வைத்து, ஆறாமல் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி ஒன்றில் விரல் நுனியை நனைத்து அவன் உதட்டில் வைத்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாக்கு மெல்ல வெளியே வந்து அந்தச் சொட்டைத் தொட்டது, உள்ளே போனது, மறுபடி வந்தது. அவள் இன்னொரு சொட்டு வைத்தாள். அதையும் எடுத்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்தேன். அழுகை இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற எந்தப் பெண்ணும் இருக்கிற மாதிரிதான் இருந்தாள், அந்த வேலையிலேயே கண்ணாக. குப்பியில் பாதி குறைந்ததும், பழக்க தோஷம், என் வாயிலிருந்து வந்துவிட்டது:

"போதும்மா, நிறைய வேண்டாம்."

அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "யாருக்குங்க மிச்சம் வைக்கணும்?" என்றாள்.

நான் அடுத்த குப்பியின் மூடியைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.